மூச்சு விடும் இடம்

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது; கூடுதலாகச் சில கறுப்புக் கட்டைகள் முளைத்தது போலிருக்கிறது. கச்சேரிகளில் வாசிக்கிறவன், கட்டையைத் தொட்டால் நிஜ வாத்தியமாக ஒலிக்கும் என்று விளம்பரம் செய்த மென்பொருள்களை லேப்டாப்பில் இறக்கி, ஒவ்வொன்றாக வாசித்துப் பார்க்கிறான். கையிலிருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். வயலின் தகரத்தைச் சுரண்டுகிறது. செல்லோ ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி முனகுகிறது. கடைசியாகப் புல்லாங்குழல், இருப்பதிலேயே மலிவானது. பழக்கதோஷத்தில் பத்து விரலும் பரபரவென்று ஓட, ஒரு சுரம் முடியுமுன் அடுத்தது ஏறிக்கொள்கிறது. "இதுவும் பொம்மைதான்," என்கிறான். கட்டிலில் துணி மடிக்கும் மனைவி நிமிராமலே சொல்கிறாள்: "ஊதுறவங்க நடுவுல மூச்சு விட வேணாமா? இப்படி ஊதினா ஆளு மயங்கி விழுந்துருவாருங்க."

அவன் சிரிக்கப் போய், நிறுத்துகிறான். ஒற்றை விரலால் ஒரு வரி வாசிக்கிறான். வரி முடிந்ததும் விரலை எடுத்துவிட்டுத் தானும் மூச்சு இழுக்கிறான். மறுபடி தொடும்போது, சுரத்துக்கு முன்னால், இதுவரை அவசரத்தில் அமுங்கிக் கிடந்த ஒன்று ஸ்பீக்கரில் கேட்கிறது. உதடு பிரிந்து காற்று மெல்ல உள்ளே போகும் ஓசை. எங்கோ ஓர் ஒலிப்பதிவு அறையில், இந்த மென்பொருளுக்காக என்றோ குழலை எடுத்து ஊதிய யாரோ ஒருவரின் மூச்சு. மனைவி மடித்த சட்டையை மார்போடு அணைத்தபடி அசையாமல் இருக்கிறாள். வரி முடிகிறது. அவன் விரல் அடுத்த கட்டையை நோக்கி இறங்குகிறது.

"அவசரப்படாதீங்க," என்று அவள் குரலைத் தாழ்த்துகிறாள். "அவரு மூச்சு வாங்கிக்கட்டும்."