கட்டில் மேல் ஒரு துணிக்கடை

கட்டில் மேல் கடை திறந்தாகிவிட்டது.

தலையணை உறைகள் ஒரு பக்கம், துண்டுகள் ஒரு பக்கம், போர்வைகள் நடுவில். வீட்டில் துவைத்துக் காய்ந்ததெல்லாம் சரக்கு.

அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் திண்டாடிய விரல்கள் இவைதான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மகள் அறை வாசலில் கதவோடு சாய்ந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

வாடிக்கைக்காரி அம்மாதான். தினமும் சாயங்காலம் இதே கூத்து. ஞாபக மறதிக்கு வைத்தியம் பார்க்கும் இடத்தில் ஒரு நர்ஸ் சொல்லி அனுப்பியது. கைக்குப் பழகிய வேலையைக் கொடுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள், நடந்ததை அன்றன்றைக்கு எழுதி வையுங்கள் என்றாளாம். அம்மா மூன்றையும் விடாமல் செய்தாள். எழுதியதில்தான் மாட்டிக்கொண்டாள்.

மத்தியானம் மகள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டாள். இன்றும் நான் யாரென்று கேட்டார், வாடிக்கைக்காரி என்றேன், உட்காரச் சொன்னார். பக்கம் பக்கமாக இதேதான். தேதி மட்டும்தான் வேறு.

"உன்னையே தெரியாத மனுஷனுக்கு நீ எதுக்கும்மா இப்படித் தேயற?"

அம்மா நோட்டை வாங்கி மூடி வைத்தாள். சொந்தக் கையெழுத்தை எப்படி மறுப்பது?

மகள் ஒரு காப்பகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். தோட்டம் பார்த்த அறை. அவர்கள் கேட்ட கட்டணத்தில் பேசிப் பேசி நாலில் ஒரு பங்கைக் கழித்தும் விட்டாள். துணிக்கடைக்காரர் ரத்தம் அப்படி. அப்பாவையே ஒப்படைக்கப் போனாலும் வாய் சும்மா இருக்காது. நாளைக் காலை வண்டி வரும்.

அம்மாவும் வியாபாரி வீட்டில் குப்பை கொட்டியவள்தானே. மெதுவாக ஆரம்பித்தாள். ஒரு மாதம் பொறு என்றாள். முடியாது. ஒரு வாரம்? அதுவும் முடியாது. கடைசியில், இன்றைக்கு ஒரு தடவை கடை போடுகிறேன், என்னை அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடு என்றாள்.

மகள் சரி என்றாள். தனக்கு நஷ்டம் வராத பேரம் என்று தெரிந்தேதான் சொன்னாள். அது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

இப்போது அம்மா கட்டிலோரம் நாற்காலியில், வெளியே கிளம்புகிற உடுப்பில், மடியில் பையோடு.

அப்பா குறையில்லாமல் உபசரித்தார். பாருங்கம்மா, பார்ப்பதற்குக் காசா பணமா என்றார். பக்கத்துக் கடைக்காரன் கையில் எடுத்தால் மீட்டர் குச்சியே சுருங்கிவிடும் என்று போகிற போக்கில் ஒரு போடு போட்டார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இந்த நகைச்சுவைக்கு அவள் சிரிக்க ஆரம்பித்து ஒரு தலைமுறை ஆகிறது.

போர்வையைக் காட்டினார். துண்டைக் காட்டினார். அம்மா எதற்கும் மசியவில்லை. வேண்டுமென்றே இழுக்கிறாள் என்று மகளுக்குப் புரிந்தது. எடுத்துவிட்டால் எழுந்துபோக வேண்டும்.

ஒருவழியாக, அடுக்கின் அடியிலிருந்து நீலத் துணி ஒன்றை உருவினாள். முன்பு கூடத்து ஜன்னலில் தொங்கிய திரைச்சீலை. இது என்ன விலை என்றாள்.

அப்பா விலை சொல்லவில்லை.

வாசல் பக்கம் ஒரு நோட்டம் விட்டார். அம்மாவின் கையிலிருந்த துணியை நைசாக வாங்கிக்கொண்டு குனிந்தார். ரகசியம் பேசுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. காது மந்தமானவர்களின் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"இத எடுக்காத. சாயம் நிக்காது. ராத்திரி வீட்டுக்கு வர்றப்ப நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வர்றேன். நீ கெளம்பு, கடையில ஆளு நிக்குது."

அம்மா கிளம்பவில்லை. மடியிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தன் சரக்கைத் தானே பழித்துச் சொல்கிற வியாபாரி உலகத்தில் இல்லை. வீட்டு ஆளிடம் தவிர. அவர் சொன்னதும் உண்மைதான். முதல் சலவையிலேயே வீட்டிலிருந்த வெள்ளைத் துணியையெல்லாம் நீலமாக்கிய துணி அது.

பேரத்தில் தோற்றுவிட்டோம் என்பது மகளுக்கு உறைத்தது. தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று அவள் நினைத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா, வாங்க," என்றார். அதே நீலத் துணியை எடுத்து அவள் முன்னால் விசிறிப் போட்டார். "நேத்து எறங்குன சரக்கு. பத்து வருஷம் துவைங்க. சாயம் போச்சுன்னா என் மொகத்துல விட்டெறிங்க."

மகள் அப்படியே நின்றாள்.

அம்மா எழுந்து தன் நாற்காலியை அவளுக்காகத் திருப்பிப் போட்டாள். தோளைப் பிடித்து உட்கார வைக்கும்போது காதோரம் சொன்னாள்.

"சொன்ன வெலைக்கு எடுத்துடாதடி. அவருக்கு சப்புன்னு போயிடும்."

மகள் துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விலையைக் கேட்டாள். அவர் சொன்னதில் பாதியைச் சொன்னாள்.

"கட்டுப்படியாகாதும்மா," என்றார் அப்பா, முகமெல்லாம் மலர.