கடைசி ஆள்

ஞாயிறு காலை 9.40. பலிபீடத்தின் முன் முழங்காலிட்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அப்பத் தட்டுடன் வந்தவர் ‘தராசு’. யாருக்கும் கூடாமல் குறையாமல் நடப்பவர் என்று சபை வைத்த பெயர்.

பதினொரு பேருக்குக் கொடுத்தார். தன் இடது ஓரத்தில் கை நீட்டியிருந்த கடைசி ஆளை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

கடைசி ஆள் அவருடைய தம்பி. அச்சகம் வைத்திருப்பவர். வீட்டுப் பாகத் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

ஆராதனை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார் தம்பி.

“ஆண்டவர் பந்தியிலயுமா பகை? ஊரே பாத்துச்சு!”

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், தம்பி நின்ற பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பினார். “யாரது?”

“நடிப்பைப் பாருங்க அண்ணி!”

“இன்னும் கொஞ்சம் சோறு போடு” என்றார் அண்ணன் மனைவியிடம். தட்டில் இடது பாதிச் சோறு தொடாமல் இருந்தது. அண்ணி தட்டைத் திருப்பி வைத்தார்.

“அட, இருக்கே!”

தம்பியை அடுத்த அறைக்கு இழுத்துப்போனார் அண்ணி.

“ரெண்டு மாசம் முன்னாடி மயங்கி விழுந்தாரே, மூளையில வலப்பக்கம் அடைப்பு. கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை விட்டுடுச்சு. விட்டதும் அவருக்குத் தெரியல. டாக்டர் சொன்னதை நம்பித்தான் இடப்பக்கத்தைத் தேடறார். ‘காணாததை நம்பறதுன்னு வேதத்துல இத்தனை நாள் சும்மா வாசிச்சிட்டேன்டி, இப்பதான் விளங்குது’ங்கிறார்.”

அண்ணன் மயங்கி விழுந்தது தம்பிக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

அண்ணி ஒரு ஜெப நோட்டை நீட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு.

“டாக்டர் சொன்ன பயிற்சி. கோட்டைக் கண்டுபிடிச்சுட்டுத்தான் ஜெபிக்க ஆரம்பிக்கணும். எந்தப் பேரை விட்டுடவே கூடாதோ, அதைக் கோட்டை ஒட்டி எழுதச் சொன்னாங்க.”

எல்லாப் பக்கங்களிலும் கோட்டை ஒட்டி இருந்தது தம்பியின் பெயர்.

“அவருக்காவது அடைப்பு. உங்களுக்கு என்ன தம்பி, ஆறு வருஷமா இந்தப் பக்கம் கண்ணே வரல?”

மே 4ஆம் தேதி, அண்ணன் வீட்டுக் காலை ஜெபத்துக்குத் தம்பி வந்தார். அண்ணனின் இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் தலையைத் திருப்பிப் பார்க்கப் பதினேழு நிமிடம் ஆனது. அதுவரை தம்பி கூப்பிடவில்லை.