அறுபதுக்குப் பதில் பத்து

"அந்த மேடம் வகுப்புல இனிமே நான் உட்கார மாட்டேன் சார். அவங்களை வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா, எல்லார் முன்னாடியும் என்கிட்ட மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க."

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வரின் மேஜையைத் தட்டாத குறையாகப் பேசினாள் தங்கமெடல். கணிதத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் என்பதால் உடன் படிப்பவர்கள் வைத்த பெயர். அதில் அவளுக்கும் பெருமைதான்.

"என்னம்மா நடந்தது?"

"கணித வரலாறு நடத்துறாங்களாம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அறுபது அறுபதா எண்ணினாங்களாம். அந்த முறையில ஒரு கழித்தல் போடச் சொன்னாங்க. கடன் வாங்குறப்ப அறுபதுக்குப் பதில் பத்து வாங்கிட்டேன். பழக்கதோஷம் சார், யாருக்கும் வரும்."

"சரி."

"அதுக்கு, 'மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?'ன்னு கேட்டாங்க. 'இதுகூட வராத நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்றே?'ன்னாங்க. தப்பான விடையைப் பலகையில பெருசா எழுதவச்சு, எல்லாரையும் கைதட்டச் சொன்னாங்க."

சொல்லி முடித்தும் அவளுக்கு ஆறவில்லை. என்றைக்கோ செத்துப்போன கணக்கில் ஒரு சறுக்கல், அதற்கு இவ்வளவு அவமானமா? தற்காலிக வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு இத்தனை திமிரா?

முதல்வர் விரிவுரையாளரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவளுக்குத் தங்கமெடலைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம்.

"இப்படியெல்லாம் பேசினீங்களா?"

"பேசினேன் சார்."

"ஒரு ஆசிரியை பேசுற பேச்சா இது? புதுசா கத்துக்கிறவங்க தடுமாறத்தானே செய்வாங்க?"

"நல்லாக் கேளுங்க சார்," என்றாள் தங்கமெடல். "இப்படிப் பேசுறவங்களுக்குப் பாடம் நடத்தவே தகுதி கிடையாது."

விரிவுரையாளரின் முகம் சிவந்துவிட்டது.

"மன்னிப்புதானே, இப்பவே வந்து கேட்கிறேன். ஆனா நான் பேசினதுல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல சார். போன வாரம் இவங்க பயிற்சிக்குப் போன பள்ளிக்கூடத்துல, கடைசி பெஞ்சுல உட்கார்ந்து இவங்க பாடம் நடத்துறதைப் பார்த்தேன். கழித்தல்ல கடன் வாங்க மறந்த ஒரு மூணாங்கிளாஸ் பொண்ணுகிட்ட இவங்க சொன்னதுதான் அத்தனையும்."

விரிவுரையாளர் தங்கமெடலைக் கைகாட்டினாள்.

"கைதட்டச் சொன்னதும் இவங்கதான். அந்தக் குழந்தை எந்த ரூமுக்கு வந்து யார்கிட்டப் புகார் சொல்லும்னு, இவங்ககிட்டயே கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார்."