நீண்ட சுரத்துக்கு முன்னால்

என் மருமகளின் முகம் சிவந்து சிவந்து, இப்போது தீயணைப்பு வண்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓபோ என்கிற கறுப்புக் குழலின் சீவாளியை உதடுகள் கவ்வியிருக்கின்றன; கழுத்து நரம்பு தோட்டக் குழாய் பருமனுக்குப் புடைத்திருக்கிறது. நாளைக்கு முழு இசைக்குழுவின் முன்னால் இவள் தனித்து வாசிக்க வேண்டிய பகுதி இது. நீண்ட சுரம் வருகிற அதே இடத்தில் மறுபடியும் உடைகிறது. பியானோவில் இசைக்குழுவின் பங்கை வாசிக்கும் டீச்சர் கையை எடுத்துவிடுகிறார். ஜன்னலில் மாலை வெயில்கூட நகரப் பயப்படுகிறது. “மூச்சு பத்தல டீச்சர்.” “பத்தலையா? உள்ள மூட்டை மூட்டையா இருக்கு. சீவாளி ஓட்டை ஊசிக்காது அளவு, அதுல எவ்வளவு போகும்? பழைய காத்தை வெளிய விடாம புதுசை அடைக்கிற. நீண்ட சுரத்துக்கு முன்னால வர்ற இடைவெளியில முதல்ல அதை ஊதித் தள்ளு.” “ஹால் பூரா கேக்குமே!” “கேக்கட்டுமே. அதுவரைக்கும் நீ வாசிச்சது ஒரு கேள்வி. கேள்வி கேட்டவ பெருமூச்சு விடக்கூடாதா?” மூலையில் இருமலை விழுங்கிக்கொண்டிருக்கும் பென்ஷன்காரன் நான், “நியாயந்தானே” என்கிறேன். “மாமா, இன்னொரு தடவ வாயைத் திறந்தீங்கன்னா வீட்டுக்கு நடந்துதான் வரணும்.” மறுபடி தொடங்குகிறாள். கேள்வி மேலேறி நிற்கிறது. பெருமூச்சு வருகிறது, அதில் திரைச்சீலை ஆடியதாகச் சத்தியமே செய்வேன். சின்னதாக ஒரு மூச்சு உள்ளே போகிறது. நீண்ட சுரம் புறப்பட்டு, உடைகிற இடத்தைத் தாண்டி, நடுங்காமல் விரிகிறது. பியானோ சேர வேண்டிய இடம் வந்து, போயும் விடுகிறது. டீச்சரின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே அப்படியே நிற்கின்றன. மருமகள் சுரத்தை விடாமல், புருவத்தை மட்டும் உயர்த்தி, அவருக்காகக் காத்திருக்கிறாள்.