பன்னிரண்டாம் இடம்

ஏணி வண்டி முனகிக்கொண்டு இறங்குகிறது. கூடைப்பந்து அரங்கின் உயரமான சன்னல்கள் வழியே ஜூன் மாத வெயில் பலகைத் தரையில் சாய்ந்து கிடக்க, அதில் தூசி மினுங்குகிறது. எட்டு ஆண்டுகள் இந்த ஊர் அணிக்குக் கேப்டனாக ஆடிய வித்மந்தாஸ், அரங்கின் வேலையாள் யோஸாஸ் மேலிருந்து கழற்றித் தரும் துணிகளை வாங்கித் தரையில் வைக்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் சீசனுக்கு ஒரு துணி தைத்து, அணி பிடித்த இடத்தை அதில் எழுதி உத்தரத்தில் தொங்கவிடுவது இந்த ஊர் வழக்கம். அணியை வாங்கித் தலைநகர் வில்னியஸுக்குக் கொண்டுபோகும் முதலாளியின் ஆள் தொமாந்தாஸ் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறான். முதல் இடம் என்றால் வேனுக்குப் போகிறது. மற்றதைக் காலால் ஓரமாகத் தள்ளுகிறான். "கடைசி இடத்தையுமா தொங்கவிட்டீங்க? இது உங்க காலம்தானே, கேப்டன்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, தரை துடைக்க ஆகும்."

வேனில் கிடக்கும் முதல் இடமும் அவர் காலம்தான். வேன் கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை காலி இருக்கைகளில் மோதித் திரும்புகிறது. வண்டி கிளம்பிப் போன பிறகு, பன்னிரண்டு என்று எழுதிய துணியின் கால்தடத்தைக் கையால் தட்டிவிட்டு யோஸாஸிடம் நீட்டுகிறார். "இதைப் பழைய கொக்கியிலயே மாட்டுடா."

"இனிமே இங்க ஆட்டமே கிடையாதேண்ணே. யாரு பாக்கப்போறா?"

"யாரும் பாக்க வேணாம். இதை விலைக்குக் கேட்டு எவனும் வரமாட்டான்ல. ஏறு."