எழுவாய்

"தள்ளினது யாரு?"

மேடம் கேட்டதும் மாணவன் தன் தாளையே மறுபடி பார்த்தான்.

"எழுதியிருக்கேனே மேடம். 'ஹி வாஸ் புஷ்ட்'."

"அவன் தள்ளப்பட்டான். சரி. யாரு தள்ளினது, காத்தா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்லூரி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. ஆங்கிலத் துறை அறையில் மற்ற நாற்காலிகள் காலி. மேடத்தின் மேசையில் முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகள் திருத்தப்படாமல் குவிந்து கிடந்தன. எந்தக் கட்டுரையையும் மறுநாளே திருப்பித் தந்துவிடுகிறவர் அவர். இந்த வாரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

நூலகக் கட்டடத்தின் பின்பக்கப் படிக்கட்டில் சீனியர்கள் சிலர் மாணவனின் அறைத்தோழனை மடக்கிப் பாடச் சொன்னார்கள். அவன் மறுத்தான். அடுத்த நொடி படிகளில் உருண்டுபோய்க் கீழே கிடந்தான். முதுகெலும்பில் அடி. இனி எழுந்து நடப்பானா என்று டாக்டர்களுக்கே தெரியவில்லை. கூட இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. நடந்ததைச் சொல்ல மிஞ்சியவன் இந்த மாணவன் ஒருவன்தான். நாளைக்கு விசாரணை. வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்க துறைத் தலைவரே டைப் பண்ணிக் குடுத்துட்டாரு மேடம். கையெழுத்து மட்டும் போடுன்னாரு."

"அதுல என்ன இருந்துச்சு?"

"நிறைய இருந்துச்சு, பாதி புரியலை. ஆனா 'ஸ்லிப்ட்'னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அதுக்கு எனக்கு அர்த்தம் தெரியும். வழுக்கி விழுந்தான்னு. அவன் வழுக்கி விழலை மேடம்."

"அதான் என்கிட்ட வந்தியா?"

"நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க, தப்பும் தவறுமா இருந்தாலும் சொந்தமா எழுதுங்கடான்னு. நானே எழுதிட்டேன். நீங்க திருத்திக் குடுத்தா போதும்."

மேடம் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"ஸ்பெல்லிங், கிராமர் எல்லாம் அப்புறம். முதல்ல இந்த பாசிவ் வாய்ஸை எடு. 'பாலம் கட்டப்பட்டது'ன்னு எழுது, ஒரு குறையும் இல்லை. ஆனா ஒருத்தன் முதுகு உடைஞ்ச இடத்துல அப்படி எழுதினா, உடைச்சவனை நீயே போர்வை போர்த்திப் படுக்க வைக்கிற மாதிரி. செஞ்சவன் யாரோ அவன்தான் வாக்கியத்துல முன்னாடி நிக்கணும்."

"பயமா இருக்கு மேடம். எழுதினா என்னைச் சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க," என்றார் மேடம், பொய் சொல்லாமல். "ஆனா நாளைக்கு நீ தனியாப் போகப்போறதில்லை. நானும் கூட வர்றேன்."

அவன் பேனாவை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

"துறைத் தலைவர் ஒண்ணு சொன்னாரு. 'அந்தப் பையனுக்கு இது கடைசி வருஷம். உன் ஒரு வார்த்தையில அவன் வாழ்க்கையே போயிடும். அவனைப் பெத்தவங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு'ன்னாரு. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கும் மனசு ஒரு மாதிரியா இருக்கு. அவங்க வீட்டுலயும் ஒரு அம்மா இருப்பாங்கல்ல மேடம்?"

மேடம் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். கீழே மைதானத்தில் யாரோ பந்தை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"உன் ஃபிரண்டுக்கு யாரு இருக்காங்க?"

"அம்மா மட்டும்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கிடக்கறாங்க. சாப்பிடச் சொன்னாக்கூட எழுந்திருக்க மாட்டேங்கறாங்க."

"தெரியும். நேத்து போயிருந்தேன்."

"உள்ள வந்தீங்களா மேடம்? நான் பார்க்கலையே?"

"வராந்தா வரைக்கும்தான் போனேன். அந்த அம்மா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. அதுக்கு மேல கால் நகரலை. திரும்பி வந்துட்டேன்."

வந்து மறுபடி உட்கார்ந்தார். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுது. யாரு அழுவாங்கன்னு பார்த்து எழுதாதே. என்ன நடந்துச்சோ அதை எழுது."

மாணவன் எழுத ஆரம்பித்தான். ஒவ்வொரு வாக்கியமாக அடித்துவிட்டுத் திருப்பி எழுதினான். 'என்னால் பார்க்கப்பட்டது' என்றிருந்தது 'நான் பார்த்தேன்' என்றாயிற்று. 'அவன் கேலி செய்யப்பட்டான்' என்ற இடத்தில் 'அவர்கள் கேலி செய்தார்கள்' வந்து உட்கார்ந்தது. ஆங்கிலம் இன்னும் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படிக்கிறவர் கண் முன்னே அந்தப் படிக்கட்டு வந்துவிட்டது. மேடம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அந்த ஒரு வாக்கியம் பாக்கி.

"எழுது," என்றார் மெதுவாக.

அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தள்ளியவனின் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்தில் எழுதினான். எழுதிய வேகத்தில் தாளை மேடத்திடம் நீட்டிவிட்டான்.

அந்தப் பெயரைப் பார்த்து அவர் முகத்தில் வியப்பு ஏதும் தெரியவில்லை. முழுவதையும் இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, பெயரின் நடுவே ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

"இந்த இடத்துல ஒரு 'ஹெச்' வரும். விட்டுட்டே. நாளைக்கு எவனும் இது வேற ஆளுன்னு சொல்லிடக் கூடாது."

"அவரை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியும்ப்பா," என்றார் மேடம். "அவனுக்கு அந்தப் பேரை வெச்சு, கையைப் பிடிச்சு முதல்முதலா எழுதச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்."