கனடா குளிர்

செல்போன் அலறியதும் தில்லையம்மாள் ஓடிவந்து எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன், கனடாவில் வேலை என்று சிதம்பரத்திலிருந்து கிளம்பிய மகன் இளவரசு.

"வீடியோல வாயேன்டா."

"நெட்டு சரியில்லம்மா."

"அங்க குளிரு எப்படி? சிலுசிலுன்னு இருக்குமா, வெடவெடன்னு நடுக்குமா?"

"நடுக்கமெல்லாம் இல்லம்மா. வெறைக்குது. வெரலு மரத்துப்போவுது, நகக்கண்ணுல ஊசி குத்துது."

"காது, மூக்கு?"

"அதுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. கைதான்."

தில்லையம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒடம்பு நடுங்காம கை மட்டும் மரத்துப்போற குளிரு ஐஸ்பொட்டியிலதான்டா உண்டு. எங்க இருக்க, நெசத்தச் சொல்லு."

மறுமுனையில் குரல் உடைந்தது.

"கடலூர் ஹார்பர்லம்மா. மீனுக்கு ஐஸ் அள்ளிப் போடுறேன். விசா கெடைக்கல. கனடா கனடான்னு தெருவெல்லாம் சொல்லிட்டு, எப்படிம்மா திரும்பி வருவேன்? ஒங்கிட்டயே பொய் சொல்லிட்டேனே!"

"அழுவாத. நீ ஆஸ்டல்ல படிச்சப்ப, துணிக்கடையில வேலைன்னு ஒங்கிட்ட சொல்லிட்டு, நாலு வருசம் நான் இறால் கம்பெனியில கைய வுட்டதும் அதே ஐஸுலதான்டா. வீட்டுக்கு வா."